பழைய பந்தயக் காரும் பதினோரு வயதுக் கைகளும்

பந்தயத்தில் ஓடிய ஆர்.சி. கார் (ரிமோட்டால் ஓட்டும் சிறிய கார்) ஒன்று கைமாறி வரும்போது முந்தைய உரிமையாளரின் ஆசைகளும் அதோடு சேர்ந்தே வரும். அவர் ஓட்டிய களத்துக்கு ஏற்ற டயர், அவருடைய பாணிக்கு ஏற்ற ஸ்பிரிங், அவர் விரலுக்குப் பழகிய மோட்டார். வாங்குகிறவருக்கு இதெல்லாம் லாபமாகத் தெரியும். விற்கிறவரும் "மோட்டாரே தனியா ஒரு விலை போகும், அலுமினியம் வேற இருக்கு" என்றுதான் சொல்வார். ஆனால் ஓட்டப்போவது இதுவரை ஓர் ஆர்.சி. காரைத் தொட்டுக்கூடப் பார்க்காத பிள்ளை என்றால், அந்த லாபத்தில் பாதியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூட வேண்டும். என் அக்கா மகளுக்காக அப்படியொரு காரைத் தயார் செய்தேன். அவளுக்குப் பதினோரு வயது. அந்த வேலையில் நான் மாட்டியதைவிடக் கழற்றியதே அதிகம்.

கார் 1/10 அளவு ஆஃப்-ரோடு பக்கி. பின்சக்கரங்களுக்கு மட்டும் இயக்கம். பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 7.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார் (டர்ன் என்பது கம்பிச் சுற்று, அது குறைந்தால் வேகம் கூடும்), மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பந்தய இ.எஸ்.சி., நான்கு மூலையிலும் நீல நிற அலுமினியப் பாகங்கள், பாதி தேய்ந்த டயர், மூக்கில் விரிசல் விட்ட பாடி. பெட்டியைத் திறந்ததும் அவள் கேட்டது இந்தப் பொழுதுபோக்கில் எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

"மாமா, இது எவ்ளோ ஸ்பீடு போகும்?"

"நீயே கணக்குப் போடு."

பிரஷ்லெஸ் மோட்டாருக்குக் கேவி என்று ஓர் எண் உண்டு. சுமை இல்லாமல் சுற்றும்போது 1 வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைச் சொல்வது அது. எங்கள் மோட்டாருக்கு 4600. இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 7.4 வோல்ட். பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 34,000 சுற்று. மோட்டார் தண்டில் பினியன் என்ற 22 பல் சிறிய பல்சக்கரம். அது சுழற்றும் ஸ்பர் கியருக்கு 78 பல். கியர்பாக்ஸுக்குள் இன்னும் 2.6 மடங்கு குறைகிறது. ஆக, மோட்டார் 9.22 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பின் டயரின் விட்டம் 85 மி.மீ., சுற்றளவு 26.7 செ.மீ. முடிவில் வந்த விடை மணிக்கு 59 கி.மீ. காற்றும் சுமையும் கொஞ்சம் தின்றுவிடும், நிஜத்தில் அவ்வளவு வராது. இருந்தாலும் அவள் கண் விரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அதே இடத்தில் 21.5 டர்ன் மோட்டார் ஒன்றைப் போட்டால்? கேவி ஏறக்குறைய 1800. பினியனைத் தொடாமல் அதே கணக்கைப் போட்டால் 23 கி.மீ. வருகிறது. பந்தயக்காரர்கள் இந்த மோட்டாருக்கு இன்னும் பெரிய பினியன் போட்டு வேகத்தை ஏற்றுவார்கள். நான் வேண்டுமென்றே ஏற்றவில்லை. 59-க்கும் 23-க்கும் வேகத்தில் வித்தியாசம் இரண்டரை மடங்கு. மோதும்போது வெளிப்படும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அங்கே வித்தியாசம் ஆறரை மடங்கு. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு பொருள் யாருடைய கணுக்காலிலாவது போய் இடிக்கும்போது அந்த ஆறரை மடங்குதான் கணக்கில் வரும்.

இந்த இடத்தில் அனுபவசாலிகள் குறுக்கிடுவார்கள். மோட்டாரை ஏன் மாற்ற வேண்டும், கையில் பிடிக்கும் ட்ரான்ஸ்மிட்டரிலேயே த்ராட்டிலை (வேகக் கட்டுப்பாட்டை) 40 சதவீதத்துக்குக் கட்டிப்போட்டால் போதாதா? போதும்தான். செலவே இல்லாத வழி அது. வேறு மோட்டார் கையில் இல்லாதவர்கள் தாராளமாக அதையே செய்யலாம். சில ட்ரான்ஸ்மிட்டர்களில் கற்றுக்கொள்பவர்களுக்கென்று தனி முறையே இருக்கிறது. எனக்கு அதில் இரண்டு தயக்கம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஒரு மெனுவைக் குடைந்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போதும். இன்னொன்று, பின்சக்கர இயக்கக் காரில் அதிவேக மோட்டார் இருந்தால், புல்லில் லேசாக விரலை அழுத்தினாலே பின்பக்கம் சுழன்றுகொள்ளும். அதில் பழகுகிற பிள்ளை காரை ஓட்டக் கற்றுக்கொள்ளாது, காருக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளும். சென்சார் கம்பியுள்ள 21.5 டர்ன் மோட்டார் நடை வேகத்திலும் திக்கித் திணறாமல் உருளும். கற்றுக்கொள்வது முழுக்க அந்த நடை வேகத்தில்தான் நடக்கிறது.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டாமியா தன் முதல் ஆர்.சி. காரான போர்ஷே 934-ஐ 1976-இல் கொண்டுவந்தது. அசோசியேட்டட் 1984-இல் கொண்டுவந்த ஆர்.சி.10 ஆஃப்-ரோடு பந்தயத்தின் முகத்தையே மாற்றியது. ஆக, ஏறக்குறைய அரை நூற்றாண்டுப் பழைய கார்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அழகில் மயங்கி எண்பதுகளின் காரை ஒரு பிள்ளைக்கு வாங்காதீர்கள். சக்கரத்தைத் தாங்கும் முன் ஆர்ம் உடைந்தால் அடுத்த வாரம் வேறொன்று கிடைக்குமா என்பது ஒன்றுதான் கேள்வி. அந்த மாடலுக்கு ஆர்ம், ஸ்டீயரிங் நக்கிள் (முன்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பும் பாகம்), ஸ்பர் கியர், ஷாக் சீல் (அதிர்வுதாங்கியில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) நான்கும் இன்றும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். நைட்ரோ எரிபொருளில் ஓடும் காரும் வேண்டாம். கார்புரேட்டர் ஊசியைத் திருகித் திருகியே விடுமுறை முடிந்துவிடும்.

காரை முழுக்கப் பிரித்தோம். அவள் ஒரு பெரிய தாளில் காரின் மேல்தோற்றத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் படத்தில் அதன் இடத்திலேயே வைத்தாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நானாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டியிருப்பேன். 1.5, 2, 2.5 மி.மீ. ஹெக்ஸ் திருப்புளிகளில் நல்லதாக ஒரு செட் வாங்கிக்கொள்வது எந்த மோட்டாரையும்விட நல்ல முதலீடு. மலிவானது முனை மழுங்கி, திருகின் தலையையும் வட்டமாக்கிவிடும். பழைய ஜப்பானியக் கார்களில் இருக்கும் கூட்டல்குறித் திருகுகள் நம் வீட்டுத் திருப்புளிக்குப் பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் பொருந்தாது. அவை ஜே.ஐ.எஸ். என்ற வேறொரு அளவு. வீட்டுத் திருப்புளியைப் போட்டு அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பிரித்த பிறகுதான் வண்டியின் வயது தெரிந்தது. முன் ஆர்ம் அசையும் அச்சான ஹிஞ்ச் பின் ஒன்று வளைந்திருந்தது. மேசை மீது உருட்டிப் பார்த்தால் தள்ளாடியது. சக்கர பேரிங்குகளில் பாதி மணல் அரைத்தன. வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃப் உள்ளே குண்டுகள் கரகரத்தன. இவற்றில் எதுவும் ஓட்டும்போது கண்ணுக்குத் தெரியாது. கார் கொஞ்சம் மந்தமாகவும் கொஞ்சம் ஒருபக்கமாகவும் போகும், ஓட்டுகிற பிள்ளை தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பழைய காரைப் புதிதாகப் பழகுபவரிடம் அப்படியே கொடுப்பதில் எனக்குப் பெரிய உறுத்தல் அதுதான். காரின் கோளாறை அனுபவசாலியால் கோளாறு என்று சொல்ல முடியும். பிள்ளையால் முடியாது.

பேரிங்குகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உலரவிட்டு, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டோம். அதற்கும் மசியாதவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரப்பர் மூடியுள்ள புதியவற்றைப் போட்டோம். இரும்பு மூடியுள்ளவை கொஞ்சம் இலகுவாகச் சுற்றும், தூசியையும் இலகுவாக உள்ளே விடும். டிஃபில் முந்தையவர் வைத்திருந்தது குண்டுகளால் இயங்கும் பால் டிஃப். அடிக்கடி பிரித்துச் சரிசெய்யும் பொறுமை உள்ளவர்களுக்கு அருமையான சாதனம். நாங்கள் அதை எடுத்துவிட்டு, சிலிக்கான் எண்ணெய் ஊற்றி மூடிய கியர் டிஃப் போட்டோம். மூடினால் பல மாதம் மறந்துவிடலாம். அதிக விசை வந்தால் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்சைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். மோசமான தரையிறக்கத்திலும் திடீர் அழுத்தத்திலும் பல்லுக்குப் போகவேண்டிய அடியை அது வாங்கிக்கொள்ளும். ரொம்பத் தளர்த்தினால் உராய்ந்து சூடாகி, பிளாஸ்டிக் ஸ்பர் கியரே இளகிவிடும், ஜாக்கிரதை.

பேட்டரிக்கு வருவோம். காரோடு வந்த லிப்போ லேசாக உப்பியிருந்தது. உப்பிய லிப்போவோடு பேச்சுவார்த்தை கிடையாது. அதை மின்னேற்றாமல், ஓட்டாமல், முறைப்படி மின்கழிவில் சேர்த்தோம். புதிதாக வாங்கியது கடினமான உறைபோட்ட இரண்டு செல் பேட்டரி. ஒரு செல் முழுமையாக ஏறினால் 4.2 வோல்ட். 3-க்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும். சும்மா வைத்திருக்கும்போது 3.8-ஐ ஒட்டி வைக்க வேண்டும். 3000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 3 ஆம்பியரில் ஏற்றினால் போதும், அவசரப்பட்டு அதற்கு மேல் போக வேண்டியதில்லை. செல்களைச் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் கம்பியை மாட்டித்தான் ஏற்ற வேண்டும். மின்னேற்றும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஏற்பாட்டில் பேட்டரி சம்பந்தப்பட்டது எல்லாம் என் பொறுப்பு, காரில் மற்றது எல்லாம் அவள் பொறுப்பு. பக்கத்தில் உட்காரப் பெரியவர்களுக்கு நேரம் இருக்காது என்று தெரிந்தால், ஆறு செல் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே வாங்குங்கள். 7.2 வோல்ட், கனம் அதிகம், கடைசியில் தொய்ந்துபோகும். ஆனால் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். சார்ஜரில் எந்த வகைப் பேட்டரி என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது மட்டும் முக்கியம். நிக்கலுக்கான முறையில் லிப்போவை ஏற்றினால் தீப்பிடிக்கலாம்.

இ.எஸ்.சி.யின் அமைப்புகளைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ரிவர்ஸே இல்லை. பந்தயத்தில் ரிவர்ஸ் தேவையில்லை, பல பந்தயங்களில் அனுமதியும் இல்லை. முன்னால் போவது, பிரேக், அவ்வளவுதான். புதிதாகப் பழகுகிறவர் பார்க்கிற சுவரிலெல்லாம் மூக்கை இடிப்பார். ஒவ்வொரு முறையும் நடந்துபோய்த் திருப்பிவைக்க வேண்டுமென்றால் கால்மணி நேரத்தில் சலித்துவிடும். ரிவர்ஸைத் திறந்தேன். வேகத்தைக் கூட்டும் டைமிங் அமைப்புகளை எல்லாம் சுழியத்துக்கு இறக்கினேன். பேட்டரி குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் வரம்பை ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டில் வைத்தேன். பழைய இ.எஸ்.சி.களில் இந்த வசதியே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் பேட்டரியின் பேலன்ஸ் முனையில் செருகும் சின்ன அலாரம் ஒன்று வேண்டும். பாட்டியின் தூக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு அது கத்தும்.

ட்ரான்ஸ்மிட்டர் விஷயத்தில் நான் சிக்கனம் பார்க்கவில்லை. மிகப் பழைய கார் என்றால் 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வைத்த ரேடியோ வரும். பக்கத்தில் அதே அலைவரிசையில் இன்னொருவர் ஓட்டினால் யார் கார் யார் பேச்சைக் கேட்கிறது என்றே தெரியாது. அதைத் தூக்கிவைத்துவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட வேண்டும். காரிலுள்ள ரிசீவரும் கையிலுள்ள ட்ரான்ஸ்மிட்டரும் ஒரே முறையைப் பேச வேண்டும். ஒரு கம்பெனியின் ரிசீவர் இன்னொன்றின் ட்ரான்ஸ்மிட்டரோடு பொதுவாக ஒத்துப்போகாது. எங்களுக்கு வந்தது 2.4-தான். ஆனால் பெரியவர் கைக்கானது. அவள் பிடித்தால் ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் ட்ரிகரைத் தொட்டது. நுனியால் அழுத்துகிற விரலுக்குப் பாதி அழுத்தம் தெரியாது, முழுக்க இருக்கும் அல்லது இல்லாமல் இருக்கும். கைப்பிடி சிறியதும் எடை குறைந்ததுமான வேறொன்றை வாங்கினேன். மொத்த வேலையிலும் அவள் ஓட்டுதலில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வந்தது இதில்தான், மோட்டாரில்கூட இவ்வளவு வரவில்லை.

அதில் செய்த அமைப்புகள் மூன்று. சக்கரம் அதிகபட்சம் எவ்வளவு திரும்பும் என்பதைச் சொல்லும் ஸ்டீயரிங் டூயல் ரேட்டை முக்கால்வாசிக்குக் குறைத்தேன். நடுப்பகுதி மென்மையாக இருக்க எக்ஸ்போ கொஞ்சம் சேர்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் கார் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால், சில ரிசீவர்கள் கடைசியாகக் கேட்ட உத்தரவையே பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். த்ராட்டில் நடுநிலைக்கு வரும்படி வைத்துவிட்டு, காரை ஒரு கட்டை மீது சக்கரம் தரையில் படாதபடி நிறுத்தி, மெல்ல த்ராட்டில் கொடுத்தபடியே ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தோம். சக்கரம் நின்றது. இந்தச் சோதனையை ஒவ்வொரு முறை ஓட்டக் கிளம்பும் முன்பும் அவளே செய்கிறாள். காற்றில் சக்கரத்தை முழு வேகத்தில் சுற்றவிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். டயர் உப்பி, ஒட்டு விட்டுப் பறக்கும். தலைமுடியைக் கட்டிக்கொள்வதும் அதே விதிப்பட்டியலில் உண்டு. இயக்கும்போது ட்ரான்ஸ்மிட்டர் முதலில், அணைக்கும்போது கார் முதலில்.

ஷாக்குகள்தான் எனக்குப் பிடித்த வேலை, அதனால் கொஞ்சம் அதிகம் பேசுவேன். பந்தயக் காரின் ஷாக் அமைப்பு செதுக்கிய களத்துக்கானது. மேடுபள்ளம் நிறைந்த மைதானத்தில் அது காரைக் குதிக்கவிடும். எங்கள் ஷாக்குகளில் எண்ணெய் கறுத்து, பாதி கசிந்து, நான்கும் நான்கு விதமாக வேலை செய்தன. சீல் வளையங்களை மாற்றினோம். எண்ணெயை ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் அசைத்து, காற்றுக்குமிழி எல்லாம் மேலே வரும்வரை சும்மா வைத்தோம். இந்தச் சும்மா வைப்பதைத்தான் யாரும் செய்வதில்லை. உள்ளே குமிழி மிச்சமிருந்தால் ஷாக் சளக் சளக்கென்று சத்தம் போடும். அந்த மூலையில் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றுதான் வேலை செய்கிறது என்று பொருள். மூடியபின் பிஸ்டன் தண்டை உள்ளே தள்ளிவிட்டு, இடதும் வலதும் ஒரே வேகத்தில் வெளியே வருகின்றனவா என்று இணைவைத்துப் பார்த்தோம். ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கி, தரையிலிருந்து உயரத்தை ஏற்றினோம். பின் ஆர்ம்கள் தரைக்கு இணையாக நிற்கும் அளவுக்கு. பிறகு ஓர் அடி உயரத்திலிருந்து காரைத் தட்டையாகக் கீழே விட்டோம். நன்றாக இருக்கும் கார் அப்படியே அமர்ந்து, லேசாக எழுந்து, நின்றுவிடும். குதித்தால் எண்ணெய் மெல்லியது, அல்லது ஸ்பிரிங் கடினம். அவள் இந்தச் சோதனையை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் காரைப் போட்டுக்கொண்டிருந்தாள். போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டயர். வேகத்தைவிட, மோட்டாரைவிட, ஓட்டுதலை அதிகம் மாற்றுவது இதுதான் என்று எந்த ஆர்.சி.க்காரரும் சொல்வார். முள் தேய்ந்த பந்தய டயரில் மண்ணில் ஓட்டுவது சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரையில் நடப்பது மாதிரி. நடுத்தர மென்மையுள்ள ரப்பரில், முள் உயரமான டயர்களை உள்ளே ஃபோமோடு வாங்கினோம். ரிம்மில் ஒட்டுவதற்கு சயனோஅக்ரிலேட் பசை. அது கையுறையோடு, சன்னல் திறந்து, பெரியவர் செய்ய வேண்டிய வேலை. ஒட்டுவதற்கு முன் ரிம்மையும் டயர் விளிம்பையும் ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் ஒட்டு பிடிக்காது. புது ரிம் வாங்குமுன் ஆக்ஸிலைப் பாருங்கள். 12 மி.மீ. ஹெக்ஸ்தான் பரவலான அளவு. ஆனால் பழைய பந்தயக் கார்களின் முன்சக்கரம் வேறு மாதிரி இருக்க வாய்ப்புண்டு.

இனி அந்த நீல அலுமினியம். பார்க்க எவ்வளவு அழகு! முன் ஆர்மைத் தாங்கும் பகுதி, ஸ்டீயரிங் நக்கிள் எல்லாம் பளபளத்தன. எடுத்துவிட்டேன். அவளுக்கு வருத்தம். காரின் மூலை ஒரு கல்லில் மோதும்போது அந்த அடி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். நைலான் கலந்த பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து அதைக் கொஞ்சம் தின்றுவிடும், மிஞ்சினால் உடையும். உடைந்தால் இரண்டு திருகில் புது ஆர்ம். அலுமினியம் வளையாமல் அடியை அப்படியே பின்னால் அனுப்பும். சேசிஸோ கியர்பாக்ஸ் உறையோ விரியும். வளைந்தாலும் வளைந்தபடியே நின்று காரை ஒருபக்கம் இழுக்கும். நைலான் பாகங்களைப் பொருத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் கொதிக்கும் நீரில் போட்டெடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நைலான் நீரை உறிஞ்சும், உறிஞ்சிய பிறகு முறியும் தன்மை குறைந்து கொஞ்சம் நெகிழும். செய்து பார்க்கலாம், தவறில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவுக்கும் இதே கதை. உலோகப் பல் சர்வோ போட்டால் போதாது, நடுவில் அடியை வாங்கிக்கொள்ளும் நல்ல சர்வோ சேவர் இருக்க வேண்டும். அது இல்லாத காரில் சக்கரம் வாங்கும் ஒவ்வோர் அடியும் நேரே சர்வோவுக்குள் போகும்.

திருகுகளை மாட்டும்போது நினைவில் கொள்ள ஒரு சின்ன விஷயம். உலோகத்துக்குள் போகும் திருகுக்கு மட்டும் நீல நிறத் திருகுப்பசை. பிளாஸ்டிக்குக்குள் போகும் திருகுக்குக் கூடாது, பசை சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழவைக்கும். பினியனின் குட்டித் திருகு தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார வேண்டும். பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே மெல்லிய தாள்துண்டு ஒன்றை ஓட்டி, இரண்டையும் அழுத்திவைத்து மோட்டாரைப் பிடிக்கும் திருகுகளை இறுக்கிவிட்டுத் தாளை எடுத்தால் இடைவெளி சரியாக அமைந்துவிடும். தாளில் பல்தடம் மட்டும் விழ வேண்டும், கிழியக் கூடாது.

பாடி வேலையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இதில் வேறு அபிப்பிராயம் உண்டு. முப்பது மீட்டர் தூரத்தில் ஓடும் ஒரு சிறிய காரின் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாவிட்டால், ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது? முந்தையவரின் பாடி முழுக்கக் கறுப்பும் அடர்நீலமும். பந்தய மேடையில் நின்று தன் காரை மனப்பாடமாக அறிந்தவருக்கு அது போதும். நாங்கள் வண்ணம் அடிக்காத, கண்ணாடிபோல் தெளிவான புது பாடி ஒன்றை எடுத்து, முன்பாதிக்கு ஒளிரும் ஆரஞ்சும் பின்பாதிக்கு நீலமும் அடித்தோம். பாலிகார்பனேட் பாடிக்கு வண்ணம் உள்பக்கமிருந்து, அதற்கென்று உள்ள பெயிண்டில்தான் அடிக்க வேண்டும். ஒளிரும் வண்ணத்துக்குப் பின்னால் வெள்ளைப் பூச்சு ஒன்று போடாவிட்டால் அது மங்கித் தெரியும். இது அழகுக்காகச் செய்ததில்லை, ஆனால் அழகாகவும் வந்துவிட்டது. பழைய பாடியை வீசவில்லை. விரிசலுக்கு உள்ளே வலைத்துணி நாடாவை ஒட்டி, மேலே நெகிழும் காலணிப் பசை தடவி வைத்திருக்கிறோம். முட்டி மோதும் நாட்களுக்கு அது.

மைதானத்தில் பாடம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கார் நம்மைவிட்டு விலகிப் போகும்வரை எல்லாருக்கும் ஓட்டத் தெரியும். அது திரும்பி நம்மை நோக்கி வரும் கணத்தில் இடம் வலமாகிவிடும், சுவர் தேடி வரும். "நீ காருக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி நினைச்சுக்கோ" என்று சொல்வது வழக்கம். சிலருக்கு உதவும். அவளுக்கு உதவவில்லை. உதவியது வேறொன்று: கார் நம்மை நோக்கி வரும்போது, அது எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பு. நம் கண்ணுக்கு வலப்பக்கம் நழுவினால் வலப்பக்கம் திருப்பு, நேராகிவிடும். மாதிரி விமானம் ஓட்டுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். இந்த ஒரு விதியோடு, தண்ணீர் பாட்டில் இரண்டை நட்டு, எட்டு போடச் சொன்னேன். எட்டில் பாதி நேரம் கார் வருகிறது, பாதி நேரம் போகிறது. பயிற்சி தானாக நடக்கும். இன்னொரு பழக்கத்தையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பின்சக்கர இயக்கக் காரில் வளைவில் த்ராட்டிலை விட்டுப் பிடிக்க வேண்டும். சக்கரம் திரும்பியிருக்கும்போது அழுத்தினால் பின்பக்கம் முந்திக்கொண்டு வந்துவிடும்.

முதலில் உடைந்தது முன் வலது ஆர்ம். முகம் வாடிப் போயிற்று. உதிரிப்பெட்டியில் ஆர்ம் ஒரு ஜோடி, ஹிஞ்ச் பின், நக்கிள், ஸ்பர் கியர் ஒன்று, பாடி கிளிப், சக்கர நட்டு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்து மாற்றினோம். அடுத்த ஆர்ம் உடைந்தபோது நான் உதவவில்லை, அவள் என்னைக் கூப்பிடவும் இல்லை. "மாமா, அந்த ரெண்டு எம்.எம். திருப்புளியைக் குடு" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு பினியனைப் பற்றியது. 22 பல்லை எடுத்துவிட்டு 26 போட வேண்டும் என்று கேட்கிறாள். அதே கணக்கைத் தாளில் போட்டுக்கொண்டு வந்து காட்டினாள்: 23 கி.மீ. 27 ஆகும். நான் 24 என்கிறேன், 25 கி.மீ. பினியன் பெரிதானால் மோட்டார் அதிகம் இழுக்கும், அதிகம் சூடாகும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டார் மேல் விரலை வைத்து மூன்று விநாடி தாங்க முடிந்தால் அடுத்த பல்லுக்குப் போகலாம் என்று ஓர் உடன்பாடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். விரல் யாருடையது என்பதை அவள் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்கிறாள். என் விரலுக்குச் சூடு சீக்கிரம் உறைக்கிறதாம். 7.5 டர்ன் மோட்டார் எந்த டப்பாவில் இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியும்.